பதினேழாம் பக்கம்

அந்த வியாழக்கிழமை நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் வேறு பக்கம் போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தோரு வருஷமாக அடுத்தவர்கள் சொன்னதையே டைப் அடித்தவளுக்குச் சொந்தமாகச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் கொஞ்சம் நீளத்தான் செய்யும்.

நான் உயர் நீதிமன்றத்தில் மூன்றாம் எண் அறையின் டைப்பிஸ்ட். நீதிபதி அம்மா சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, அடித்து, அவர் திருத்தியதைத் திரும்ப அடித்து, கடைசியில் கையெழுத்துக்கு வைப்பது என் வேலை. கையெழுத்து விழாத வரைக்கும் அது தீர்ப்பு இல்லை, வெறும் காகிதம்தான்.

நீதிபதிக்கு அடுத்தபடி தீர்ப்பு தெரிந்த ஒரே ஆள் டைப்பிஸ்ட். அதனால் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. வராந்தாவில் நடக்கும்போது இருபது கண்ணாவது என் முகத்தைத் துழாவும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே போய்விடுவேன். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மகள் வேலைக்கான பரீட்சையில் தேறிய அன்று, "உனக்கு சந்தோஷமா இல்லையாம்மா?" என்று கேட்டாள். இருந்தது. முகம்வரைக்கும் வரவில்லை, அவ்வளவுதான். இப்போது அவள் பெண் என்னைப் பார்த்து, "பாட்டி மூஞ்சி அடையாள அட்டை போட்டோ மாதிரியே இருக்கு" என்கிறாள்.

சரி, வழக்குக்கு வருகிறேன். நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட்டும் ஒருவர். கூட வேலை பார்த்தவர் தொட்டிக்குள் இறங்கிச் செத்துப்போனபோது, நிலைய வாசலில் நின்று நாலு வார்த்தை சத்தமாகக் கேட்டிருக்கிறார். கூட்டம் சேர்ந்துவிட்டது. பொது அமைதிக்கு ஆபத்து என்று தடுப்புக் காவலில் போட்டார்கள். பதினாலு மாதமாகக் குற்றப்பத்திரிகையும் இல்லை, விசாரணையும் இல்லை. அவருக்காக வழக்குப் போட்டது அவருடைய அக்கா. ஓட்டல் சலவைப் பிரிவில் துணி தேய்க்கிறவள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் எங்கள் அறைக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவாள். பெஞ்சுக்காரி என்று அவளுக்குப் பேரே வைத்துவிட்டார், அறை வாசலில் நின்று கட்சிக்காரர்களைக் கூப்பிடும் எங்கள் டவாலி.

"என்னம்மா, பெஞ்சை உன் பேர்ல எழுதி வாங்கிட்டியா?" என்று ஒருநாள் சீண்டினார்.

"எழுதிக் குடுங்க, வாங்கிக்கறேன். ஆனா ஒரு கால் ஆடுது. அதைச் சரிபண்ணிக் குடுங்க முதல்ல."

"அரசாங்கச் சொத்து, கால் ஆடத்தான் செய்யும்."

"ஆடறதுக்கு என்ன, எந்தப் பக்கம் விழும்னு தெரிஞ்சா போதும்" என்றாள் அவள்.

இதற்கிடையில்தான் அரசியல் சாசனத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். டைப் அடித்தவள் என்கிற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன். தடுப்புக் காவல் உத்தரவுகளை இனி எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது. அரசாங்கம் நியமிக்கும் மூன்று பேர் குழுதான் பார்க்கும். நிலுவையில் இருக்கும் வழக்குகள் தானாகவே முடிந்துபோகும். ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்ட தீர்ப்புகள் மட்டும் செல்லும். இந்தத் திருத்தம் சரியா என்று கேட்டும் யாரும் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. நாடாளுமன்றத்தில் ஒரே நாளில் நிறைவேறிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் டிவியை நிறுத்திவிட்டு, "உங்க கோர்ட்டுக்கு வேலை குறையுது. இனிமே வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துடுவே" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

ஆனால் நிறைவேறினால் மட்டும் ஆகாது. இந்தத் தேதியிலிருந்து அமல் என்று அரசிதழில் வர வேண்டும். அடுத்த மாதம் முதல் தேதி என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வக்கீல்கள் சொன்னார்கள், பதிவாளரும் சொன்னார். இருந்தாலும் நீதிபதி அம்மா காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை மாலை என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். காவல் உத்தரவு செல்லாது, உடனே விடுதலை. பதினேழு பக்கம்.

"வியாழக்கிழமை கையெழுத்து. என்ன ஆனாலும் தள்ளக் கூடாது" என்றார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் திருத்தினோம். அந்த இரண்டு நாளும் பெஞ்சுக்காரி வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வாய்தா இல்லை. வேலை முடிந்து நேராக வந்திருப்பாள் போல, துணிக்குப் போடும் கஞ்சி வாசனை அடித்தது. "தீர்ப்பு என்னிக்கு அக்கா?" என்று கேட்டாள். "பட்டியல் ஒட்டுவாங்க, பாரும்மா" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தேன். தம்பி வருகிறான் என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். சொல்லக் கூடாது.

வியாழக்கிழமை பன்னிரண்டரைக்கு அமர்வு முடிந்தது. நான் தீர்ப்புத் தாள் கட்டை எடுத்துக்கொண்டு நீதிபதி அம்மாவின் அறைக்குப் போனேன். எங்கள் வழக்கம் என்னவென்றால், டைப்பிஸ்ட் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டும். அவர் அடியில் சுருக்கொப்பம் போட்டுக்கொண்டே வருவார். கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்து. பதினாறு பக்கம் ஆயிற்று. பதினேழாம் பக்கத்தைப் புரட்டினேன். யாரை விடுதலை செய்ய வேண்டும் என்று சிறைக்குச் சொல்லும் பக்கம் அது. கைதி எண் கண்ணில் பட்டது. 2761 என்று இருக்க வேண்டியது 2716 என்று இருந்தது.

நான் அடித்ததுதான். இரண்டு நாள், மூன்று வாசிப்பு, ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்துவிட்டுப் பார்த்தார். "அட. பேனாவால திருத்தி ஓரத்துல ஒப்பம் போட்டுடறேன், விடுங்க."

"வேண்டாம்மா. திருப்பி அனுப்பிடுவாங்க. போன வருஷம் அந்த லாரிக்காரர் கேஸ்ல அனுப்பினாங்களே."

அது உண்மைதான். லாரி ஓட்டுநர் ஒருவரின் விடுதலை உத்தரவில் அப்பா பேரில் ஓர் எழுத்தைப் பேனாவால் திருத்தியிருந்தோம். அடித்தல் திருத்தல் உள்ள உத்தரவை ஏற்க இயலாது என்று சிறையிலிருந்து கடிதம் வந்தது. சரியான உத்தரவு போய்ச் சேர்வதற்குள் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் அவர் மனைவி எங்கள் அறை வாசலில் நின்றாள். அதற்குப் பிறகு கடைசிப் பக்கத்தில் பேனா படக் கூடாது என்பது எங்கள் அறையின் சட்டம்.

நீதிபதி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பது. "சீக்கிரம்" என்றார்.

"அஞ்சு நிமிஷம்" என்றேன்.

எண்ணை மாற்ற அரை நிமிஷம்கூட ஆகவில்லை. தாள்தான் இல்லை. தீர்ப்பு அடிக்கிற தாள் கெட்டித் தாள், முத்திரையும் வரிசை எண்ணும் போட்டது. அன்றைக்கு எண்ணி வாங்கிய பதினேழும் தீர்ந்துவிட்டன. கெட்டுப்போன தாளைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுத் தாள் தருவார்கள். அலமாரிச் சாவி ஒரே ஒருவரிடம் இருக்கும். அவரை எல்லோரும் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அறையில் இல்லை. உணவகத்தில் இருந்தார். அப்போதுதான் டப்பாவைத் திறந்திருந்தார்.

"அண்ணே, ஒரு தாள் வேணும்."

"சாப்பிட்டியா தங்கச்சி?"

"அப்புறம். தாள் வேணும், அவசரம்."

"உங்க அறைக்கு என்னிக்கு அவசரம் இல்லை? நாப்பது வருஷமா பார்க்கறேன், கோர்ட்டுக்கு வர்றவனுக்கு அவசரம் கிடையாது, டைப் அடிக்கிறவங்களுக்குத்தான் அவசரம். உக்காரு, ரெண்டு வாய்."

"அண்ணே, கையெழுத்து நிக்குது."

அந்த வார்த்தைக்கு அவர் எழுந்துவிட்டார். பாதியில் டப்பாவை மூடி, கை கழுவி, மாடி ஏறி வந்தார். முழங்கால் வலி அவருக்கு, ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவார். பழைய தாளில் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டார். புத்தகத்தில் எண் எழுதினார். அவர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. தாளைக் கையில் வாங்கும்போது ஒரு மணி ஐந்து நிமிஷம். அடித்து எடுத்துக்கொண்டு, சுடச்சுட, ஓட்டமும் நடையுமாகப் போனேன். பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் எழுந்து நின்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு போனேன்.

உள்ளே பதிவாளர் நின்றிருந்தார். கையில் ஒற்றைத் தாள்.

"அரசிதழ் வெளியாயிடுச்சும்மா" என்றார், என்னைப் பார்த்தா நீதிபதியைப் பார்த்தா என்று தெரியாத மாதிரி. "ஒரு மணி எட்டு நிமிஷத்துக்கு. இன்றைய தேதி முதல் அமல்னு போட்டிருக்கு."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பதினாலு.

நான் தாளை மேஜையில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீதிபதி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மேலிருந்து கீழே முழுக்கப் படித்தார்.

"நம்பர் இப்போ சரியா இருக்கு" என்றார்.

"ஆமாம்மா."

பேனாவை மூடினார்.

"அம்மா, பதினாறு பக்கத்துல ஒப்பம் போட்டாச்சு. தேதி இன்னிக்குத்தான். தீர்ப்புல மணி எழுதற வழக்கம் இல்லை" என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் நான் அப்படி ஒரு பேச்சுப் பேசியதில்லை. பதிவாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லைதான்" என்றார் நீதிபதி அம்மா. "ஆனா இவர் எனக்கு மணி சொல்லிட்டாரே."

பதினேழு தாளையும் என் பக்கம் தள்ளி, "எழுதிக்கோங்க" என்றார். நான் நின்றபடியே எடுத்துக்கொண்டேன். திருத்தம் அமலுக்கு வந்துவிட்டபடியால் இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, மனு முடிந்துபோனதாகக் கொள்ளப்படுகிறது. ஒன்றரைப் பக்கம். ஒரு தப்பும் இல்லாமல் அடித்தேன். சாவிக்காரர் இரண்டு தாளையும் எதுவும் கேட்காமல் கொடுத்தார்.

கையெழுத்தாகாத தீர்ப்பை வெளியே விடக் கூடாது. அடித்தவளே பதிவாளர் முன்னால் கிழிக்கிற இயந்திரத்தில் போட வேண்டும், அது விதி. பதினேழு பக்கம். மூன்று மூன்றாகப் போடலாம். நான் ஒவ்வொன்றாகப் போட்டேன். கெட்டித் தாள் என்பதால் இயந்திரம் இரண்டு தடவை சிக்கிக்கொண்டது. பதிவாளர் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டேகாலுக்கு அறையில் அறிவித்தார்கள். எல்லாம் ஒரு நிமிஷம். பெஞ்சுக்காரி கடைசி வரிசையில் நின்றிருந்தாள். டவாலியிடம், "முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுதும்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நான் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன். பேத்தி வீட்டுப்பாடத்தைக் காட்டினாள், ஒரு பிழை கண்டுபிடித்துச் சொன்னேன். "பாட்டிகிட்ட காட்டவே கூடாது" என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் உணவகத்தில் சாவிக்காரர் எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். டவாலியும் வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ராத்திரி பூரா யோசிச்சேன். உன் மேல ஒரு தப்பும் இல்லை" என்றார் சாவிக்காரர். "இன்றைய தேதி முதல்னா என்ன அர்த்தம்? முந்தின ராத்திரி பன்னண்டு அடிச்சதுமே சட்டம் வந்தாச்சு. நீ பன்னண்டே முக்காலுக்குக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் செல்லாது. நான் டப்பாவைத் திறக்காமலே இருந்திருந்தாலும் செல்லாது."

கடைசியில் சொன்னது அவருக்காகச் சொல்லிக்கொண்டது என்று எனக்குப் புரிந்தது.

டவாலி விடவில்லை. "அப்படி இல்லைண்ணே. முதல் நம்பர் அறையில நேத்து பதினொண்ணரைக்கு ஒரு தீர்ப்பு கையெழுத்தாச்சு. இதே மாதிரி கேஸ்தான். அந்த ஆளை சாயந்திரமே விட்டுட்டாங்க. ஜெயில்காரன் ஒத்துக்கிட்டான்ல?"

"அது அவன் செஞ்ச தப்பு."

"தப்போ சரியோ, ஆள் வீட்டுல இருக்கான்ல?"

"நாளைக்கே திரும்பப் பிடிப்பாங்க, பாரு."

"பிடிக்கட்டும். இன்னிக்கு வீட்டுல இருக்கான்ல?"

சாவிக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு டவாலியை, "வாயை வெச்சுட்டு சும்மா இருக்க மாட்டியா?" என்று அதட்டினார். டவாலிக்கு அப்போதுதான் உறைத்தது. "நான் பொதுவாச் சொன்னேன் அக்கா" என்றார். பரவாயில்லை என்றேன். உண்மையாகவே அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி.

ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. தேதிக் கணக்கா, மணிக் கணக்கா? தேதிக் கணக்கென்றால் அந்த மனுஷர் காலையிலேயே தோற்றுப்போய்விட்டார், நான் எண்ணைப் பார்த்ததும் பார்க்காததும் ஒன்றுதான். மணிக் கணக்கென்றால் அவரை உள்ளே வைத்தது நான். சாயந்திரம் காப்பி கொண்டுபோகிற சாக்கில் நீதிபதி அம்மாவிடம் கேட்டே விட்டேன்.

அவர் காப்பியை நகர்த்தி வைத்தார்.

"நல்ல கேள்வி. ரெண்டு பக்கமும் வாதாடலாம்" என்றார். "முதல் நம்பர் அறை கேஸ்ல ஆளை ஏன் விட்டீங்கன்னு அரசாங்கம் ஜெயிலுக்குக் கடிதம் எழுதியிருக்கு. ஜெயில் நம்மகிட்ட விளக்கம் கேட்டிருக்கு."

"நாம என்னம்மா சொல்லப் போறோம்?"

"அதிகாரம் இல்லைன்னு சொல்லப் போறோம். இதைத் தீர்மானிக்கற இடம் இதுதான். அந்த இடத்தைத்தானே எடுத்துட்டாங்க?"

"அப்போ யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது" என்றார். பிறகு, "நீங்க வீட்டுக்குப் போங்க. மணியாச்சு" என்றார்.

திங்கட்கிழமை மதியம் பெஞ்சுக்காரி நகல் வாங்க வந்தாள். ஒன்றரைப் பக்கம் என்பதால் உடனே கொடுத்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். அந்த மூன்று பேர் குழுவுக்குப் போடுகிற மனு.

"கையால எழுதினா வாங்க மாட்டாங்களாம் அக்கா. வெளிய கடையில குடுத்தேன், ரெண்டு தடவை தப்பா அடிச்சுட்டான். டவாலி சொன்னாரு, நீங்க அடிச்சா தப்பே வராதாம். தப்பா நினைச்சுக்காதீங்க, அடிச்சுத் தர்றீங்களா?"

வெளி வேலை செய்யக் கூடாது என்று எங்களுக்கு விதி உண்டு. நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னேன். சாப்பாட்டு நேரம், அறையில் வேறு யாரும் இல்லை. அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். பெயர், வயது, தொழில், காவலில் வைத்த நாள். எட்டுக் கட்டம் ஆயிற்று. ஒன்பதாவது கட்டத்தில், "இக்காவலுக்கு எதிராக நீதிமன்றத் தீர்ப்பு ஏதேனும் உண்டா?" என்று இருந்தது.

நான் நிறுத்தினேன். அவளும் திரையைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீங்க கட்டு கொண்டு போறப்ப பார்த்தேன்" என்றாள். "தடியா இருந்துச்சு. தள்ளுபடிக்கு இதோ, ஒண்ணரைப் பக்கம் போதும். பதினாலு மாசமா இங்கயே உக்காந்திருக்கேன், எனக்கும் கொஞ்சம் தெரியும்ல. அதுல என்ன இருந்துச்சு?"

சுவரைப் பார்க்கலாம். எனக்குப் பழக்கம்தான்.

"பதினேழு பக்கம்மா" என்றேன். "விடுதலைன்னு இருந்துச்சு. பதினாறு பக்கத்துல ஒப்பம் விழுந்தாச்சு. கடைசிப் பக்கத்துல உன் தம்பி நம்பரை நான் மாத்தி அடிச்சிருந்தேன். அம்மா பேனாவாலயே திருத்தறேன்னாங்க. நான்தான் விடலை. ஜெயில்ல திருப்பி அனுப்பிடுவாங்கன்னு எடுத்துட்டுப் போனேன். வர்றதுக்குள்ள சட்டம் வந்துடுச்சு."

எல்லாவற்றையும் ஒரே குரலில், வாக்குமூலத்தைத் திரும்பப் படிக்கிற மாதிரி சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அனுப்பத்தான் அனுப்பியிருப்பாங்க" என்றாள். "செருப்பு வாங்கிட்டுப் போனாலே அளவு தப்புன்னு திருப்பி அனுப்பறவங்க." ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னாள். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் இஸ்திரி சூட்டில் காய்த்து வழவழவென்று இருந்தது.

"எவ்வளவு நேரத்துல போச்சு?"

"ஆறு நிமிஷம். இல்லேன்னா முந்தின ராத்திரியே போயிடுச்சு. ரெண்டுல எதுன்னு யாராலயும் சொல்ல முடியலை."

"ஆறு நிமிஷம்" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். பிறகு திரையைக் காட்டி, "இந்தக் கட்டத்துல என்ன போடணும்?" என்றாள்.

"இல்லைன்னு போடணும்."

"பதினேழு பக்கம் இருந்துச்சுன்னு போட முடியாதா?"

"முடியாதும்மா."

"சரி, போடுங்க."

அடித்தேன். மிச்சக் கட்டங்களையும் அடித்து, தாளை எடுத்து, இரண்டு தடவை படித்துவிட்டுக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து மூன்றாவது தடவை தானே படித்தாள். ஒன்பதாவது கட்டத்தில் விரல் கொஞ்சம் நின்றது. அப்புறம் கீழே போயிற்று. முடித்ததும் மடங்காமல் உறைக்குள் வைத்து எழுந்தாள். குழுவின் அலுவலகம் மூன்று மணிக்கு மூடிவிடும்.